நாடியின் விரைவும் நடையின் தளர்வும்

'முதுமை' என்னும் ஒரே சொல்லுக்குள் நாம் இரண்டு செய்திகளை அடைத்து வைத்திருக்கிறோம். ஆண்டுகள் கூடுவது ஒன்று. உடலின் வலு குறைவது மற்றொன்று. முன்னதை எவராலும் தடுக்க இயலாது. பின்னது அவ்வாறன்று. எழுபத்தைந்து வயதில் தண்ணீர்மலை அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்தின் 513 படிகளை நின்று நின்றேனும் ஏறி முடிப்பவர் உண்டு. அறுபத்திரண்டு வயதில் தம் கடைவீட்டின் மாடிப்படியை ஏறுவதற்கே கைப்பிடியைப் பற்றித் தம்மை இழுத்துக்கொள்பவரும் உண்டு. இருவரையும் 'வயதானவர்' என்று ஒரே சொல்லால் குறித்துவிட்டுப் பின்னவரின் நிலைக்கான பழியை வயதின் மேல் ஏற்றிவிடுகிறோம். மருத்துவ உலகம் அந்த நிலையைத் தனியே பிரித்துப் பெயரிட்டு, அதனை அளப்பதற்கு வழியும் வகுத்திருக்கிறது. தமிழில் அதனை 'நலிவு' எனலாம். 'தளர்ச்சி' என்ற சொல்லும் பொருந்தக்கூடியதே. எனினும் ஒரு நாளைய உழைப்பால் வரும் அயர்வையும் அது குறிப்பதால், இக்கட்டுரையில் நலிவு என்பதையே கொள்வோம்.

நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உடையவர்களின் தமனிகள் காலப்போக்கில் விறைப்படைகின்றன. அந்த விறைப்புக்கும் நலிவுக்கும் உள்ள உறவே நம் பொருள். நடைமுறையில் இவை இரண்டும் வெவ்வேறு கதவுகளுக்குப் பின்னால் பார்க்கப்படுகின்றன. தமனி இதய மருத்துவரிடம் போகிறது. கால் வலுவின்மை எவரிடமும் போவதில்லை. 'வயசாயிடுச்சு' என்ற ஒரு சொல்லோடு வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

இதனைப் பினாங்கில் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. மலேசிய மாநிலங்களுள் முதியோரின் பங்கு மிகுந்தவற்றில் பினாங்கும் ஒன்று. நாடு முழுவதும் 2023ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 15.6 பேருக்கு நீரிழிவும், 29.2 பேருக்கு உயர் இரத்த அழுத்தமும், 33.3 பேருக்கு மிகைக் கொழுப்பும் இருந்தன. அறுபதைக் கடந்தவர்களிடம் இவ்விகிதங்கள் மிகவும் உயர்கின்றன. இனவாரியாகப் பார்த்தால் இந்நாட்டு இந்தியர்களிடையே நீரிழிவு மிகுதி என்பதை இத்தகைய ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. 2019ஆம் ஆண்டு ஆய்வில் ஏறத்தாழப் பத்தில் மூவர் என்ற அளவு காணப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்கு உழைக்க வந்த தமிழரின் வழித்தோன்றல்களும் இந்தக் கணக்கில் அடங்குவர். அன்றாடம் பல கல் நடந்து, குனிந்து, சுமந்த உடல்களுக்குரிய உணவுப் பழக்கம் நம்மிடம் தங்கிவிட்டது. அந்த உழைப்பு போய்விட்டது.

இனித் தமனியைப் பார்ப்போம். சித்த மருத்துவர் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நாடி பார்ப்பதை நாம் அறிவோம். அவர் விரலில் படுவது ஓடும் குருதி என்றே பலரும் எண்ணுவர். அது அன்று. இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் தமனிச் சுவர் வழியே பரவும் அழுத்த அலையே நாடித்துடிப்பு. வெல்ட் கீ கடற்கரையில் நின்றால் இவ்வேறுபாடு விளங்கும். ஃபெரி கடந்து சென்ற சிறிது நேரத்தில் அதன் அலை வந்து படகுத்துறைத் தூண்களை மோதுகிறது. ஃபெரியின் அருகில் இருந்த நீரே நம் காலடிக்கு வந்துவிட்டது என்று நாம் கொள்வதில்லை. வந்தது அலை மட்டுமே. உடலிலும் குருதி மெல்ல நகர, அலை அதனினும் பல மடங்கு விரைவாக முன்னே ஓடுகிறது.

இந்த அலையைக் காகிதத்தில் வரையும் கருவியை 1860ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு அறிஞர் எத்தியேன் ஜூல் மாரே அமைத்தார். அதனைச் செம்மைப்படுத்தி நோயறிதலுக்குரிய கருவியாக்கியவர்களுள் முதன்மையானவர், இலண்டன் கைஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ஃபிரெடெரிக் அக்பர் மகமது. பாட்னாவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறி, 1794இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்ட முதல் இந்தியராகிய சேக் டீன் மகமதுவின் பேரர் அவர். சிறுநீரக நோய் இல்லாதவரிடத்தும் அழுத்தம் உயரக்கூடும் என்பதையும், முதுமையால் நாடி அலையின் வடிவம் மாறுவதையும் அவர் 1870களிலேயே கண்டறிந்தார். அழுத்தத்தை அளக்கக் கைப்பட்டைக் கருவி வருவதற்கு முன்பே அலையின் வடிவத்தைக் கொண்டு இவ்வளவும் சொன்னவர், 1884ஆம் ஆண்டு தம் 35ஆம் வயதில் மறைந்தார். அவர் பெயர் நம்மிடையே இன்னும் பரவலாக அறியப்படவேண்டும்.

அலையின் வேகம் எதனைச் சார்ந்தது என்பதை 1878ஆம் ஆண்டு நெதர்லாந்தைச் சேர்ந்த மூன்ஸ், கோர்த்தவெக் ஆகிய இருவரும் கணக்கிட்டுக் காட்டினர். சுவர் விறைப்பாகவும் தடிப்பாகவும் இருந்தால் அலை விரையும். குழாய் அகன்றிருந்தால் தாழும். இன்றும் தமனி விறைப்பை அளப்பதற்கு அடிப்படை இதுவே. கழுத்துத் தமனியில் ஒரு பதிவும் தொடைத் தமனியில் ஒரு பதிவும் எடுத்து, இடைப்பட்ட தொலைவை அலை கடக்கும் நேரத்தைக் கொண்டு வேகத்தைக் கணிக்கிறார்கள். நலமுள்ள இளைஞரிடம் அது நொடிக்கு ஏறத்தாழ 6 மீட்டர். 10 மீட்டரைத் தாண்டினால் பெருந்தமனி விறைத்துவிட்டது என்பது 2012இல் வல்லுநர் குழு ஏற்றுக்கொண்ட எல்லை.

விறைப்பு ஏன் வருகிறது என்பதைப் பால்மரத்தோடு பழகிய நமக்கு விளக்குவது எளிது. புதிய ரப்பர் துண்டை இழுத்துவிட்டால் பழைய நிலைக்கு மீள்கிறது. வெயிலிலும் காற்றிலும் நாள்பட்டுக் கிடந்த ரப்பர் இறுகி, இழுத்தால் வெடிக்கிறது. பெருந்தமனியின் சுவரில் அந்த ரப்பரின் வேலையைச் செய்வது எலாஸ்டின் என்னும் புரதம். உடல் இதனைப் பெரும்பாலும் கருவிலும் குழந்தைப் பருவத்திலும் உருவாக்கி முடித்துவிடுகிறது; பின்னர் வாழ்நாள் முழுவதும் அந்த இருப்பை வைத்தே காலம் தள்ளவேண்டும். இதயமோ ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அறுபது ஆண்டுகளில் அது இருநூறு கோடியைத் தாண்டிய நீட்சியும் சுருக்கமும் ஆகும். இழைகள் நைந்து அறுகின்றன. அவற்றின் பளுவை எளிதில் நீளாத கொலாஜன் ஏற்கிறது. குருதியில் சர்க்கரை மிகுந்திருந்தால் அது இந்தக் கொலாஜன் இழைகளில் ஒட்டி, ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. உயர் அழுத்தம் நைவை விரைவுபடுத்துகிறது. புகையும் மிகை உப்பும் தம் பங்கைச் செய்கின்றன. சுவரில் சுண்ணாம்புச் சத்தும் படிகிறது. எனவே நீரிழிவு உள்ளவரின் தமனிக்கு அவரைவிட வயது அதிகம். சென்னையில் டாக்டர் வி. மோகனும் குழுவினரும் நகர மக்களிடையே ஆய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவும், நீரிழிவு உள்ளவர்களின் தமனிகள் மற்றவர்களுடையதைவிட விறைத்திருந்ததைக் காட்டியது.

மீள்மையுள்ள பெருந்தமனி ஒரு சேமிப்புத் தொட்டி போன்றது. இதயம் சுருங்கும்போது விரிந்து குருதியில் ஒரு பகுதியைத் தேக்கிக்கொள்கிறது. இதயம் ஓய்ந்திருக்கும்போது சுருங்கி அதனை முன்னே அனுப்புகிறது. ஓட்டம் அறுபடுவதில்லை. விறைத்த தமனியால் தேக்கவும் முடியாது, பின்னர்க் கொடுக்கவும் முடியாது. படகுத்துறையில் மோதிய அலை திரும்புவதுபோல, உடலின் சிறு தமனிகளில் மோதிய அலையும் இதயத்தை நோக்கித் திரும்புகிறது. இளமையில் அது இதயம் ஓய்வெடுக்கும் வேளையில் மெல்ல வந்து சேரும். விறைப்பு மிகும்போது, இதயம் இன்னும் குருதியைத் தள்ளிக்கொண்டிருக்கையிலேயே முந்தி வந்து எதிர்க்கிறது. இதனால் அழுத்தத்தின் மேல் எண் ஏறுகிறது, கீழ் எண் இறங்குகிறது.

இங்கு ஒரு பொதுவான தவறான நம்பிக்கையைச் சுட்டவேண்டும். 160/70 என்று அளவு வந்தால், 'மேலே கொஞ்சம் கூட, கீழே நல்லாத்தான் இருக்கு' என்று மனம் தேறுபவர்கள் பலர். முதியவரைப் பொறுத்தவரை அந்தத் தாழ்ந்த கீழ் எண் ஆறுதல் தருவதன்று. இரண்டுக்கும் உள்ள இடைவெளி 90. அந்த இடைவெளி 60ஐ எட்டினாலே முதியவர்களிடம் பெருந்தமனி விறைப்பின் அறிகுறியாகக் கொள்வது மருத்துவ வழக்கம். விலையுயர்ந்த கருவி இல்லாமலே, வீட்டுக் குறிப்பேட்டில் உள்ள இரண்டு எண்களைக் கழித்து எவரும் இதனைக் காணலாம்.

இவ்வளவும் தமனியைப் பற்றியது. இது கால்களைத் தளரச் செய்வது எவ்வாறு?

மூன்று வழிகளைச் சொல்லலாம். அவற்றுள் முதலாவதே நம் கவனத்துக்கு மிகவும் உரியது. தசைக்கு உணவும் உயிர்வளியும் கொண்டுசெல்பவை நுண்குழாய்கள். பெருந்தமனி தணிக்கத் தவறிய அதிர்ச்சி ஒவ்வொரு துடிப்பிலும் அவற்றைத் தாக்குகிறது. அவை குறுகுகின்றன, எண்ணிக்கையிலும் குறைகின்றன. தசை மெலிகிறது. ஆனால் நாம் உண்ணும் மாவுச்சத்திலிருந்து வரும் சர்க்கரையின் பெரும்பகுதியை இன்சுலினின் துணையோடு வாங்கிக்கொள்வது அந்தத் தசைதான். தசை குறைந்தால் சர்க்கரை குருதியிலேயே தங்குகிறது. தங்கிய சர்க்கரை மீண்டும் தமனியின் கொலாஜனைப் பிணைக்கிறது. தமனி தசையைக் கெடுக்க, தசை தமனியைக் கெடுக்கிறது. தொடங்கிய இடம் எது என்று காட்டமுடியாத சுழல் இது.

இரண்டாவது வழி நிமிர்ந்து நிற்பதைப் பற்றியது. நாம் எழும்போது குருதி கால்களை நோக்கி இறங்கும். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் உள்ள உணர்விகள் சுவரின் நீட்சி குறைவதை உணர்ந்து, நொடிப்பொழுதில் இதயத்தை முடுக்கி அழுத்தத்தைச் சரிசெய்கின்றன. விறைத்த சுவர் நீள்வதும் இல்லை, தளர்வதும் இல்லை. உணர்விக்குச் செய்தி போவதில்லை. தலை சுற்றுகிறது, விழுகிறார். விழுந்தவர் அதற்குப் பின் நடக்க அஞ்சுகிறார். அச்சத்தால் அமர்ந்திருப்பவரின் தொடைத்தசை கரைகிறது. ஜார்ஜ் டவுனின் ஐந்தடி நடைபாதைகள் இந்த அச்சத்தை வளர்ப்பதில் கைதேர்ந்தவை. கடைக்குக் கடை உயரம் மாறும். இடையில் மோட்டார் சைக்கிள் நிற்கும். முதியவர் சாலையில் இறங்கித்தான் ஆகவேண்டும். மரபுடைமை நகரம் என்று 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற ஊரில், அதன் மரபைச் சுமந்தவர்களே நடக்க இயலாதிருப்பது நமக்கு உவப்பானதன்று. மூன்றாவது வழி மூளை, சிறுநீரகம் ஆகிய மென்மையான உறுப்புகளின் சேதம். அவையும் வலுவையும் நடையையும் பாதிக்கின்றன.

அமெரிக்காவின் ஃபிராமிங்காம் ஆய்வில் அறுபதைக் கடந்தவர்களை ஆராய்ந்தபோது, நாடி அலை விரைவாக உடையவர்களிடையே நலிவும் மிகுதியாகக் காணப்பட்டது. ஒரே வேளையில் எடுத்த அளவுகள் எது காரணம், எது விளைவு என்று சொல்லமாட்டா. மேற்சொன்ன சுழல் உண்மையாயின் அந்தக் கேள்விக்கு ஒற்றை விடை இருக்கவும் வேண்டியதில்லை.

நலிவை அளக்கும் வழியை 2001ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரீடும் குழுவினரும் வகுத்தனர். முயலாமலே ஓராண்டில் 4.5 கிலோவோ அதற்கு மேலோ எடை குறைதல், எதைச் செய்தாலும் அயர்வு, கைப்பிடி வலு குன்றல், நடை மந்தமாதல், அன்றாட உடலியக்கம் அருகுதல் ஆகிய ஐந்தில் மூன்று இருந்தால் நலிவு. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் முன்னிலை. இந்த முன்னிலையே மிகவும் கருதத்தக்கது. அங்கிருந்து திரும்புவது எளிது, ஆனால் அதனைக் கவனிப்பவர் இல்லை.

ஒரு சான்று போதும். நீரிழிவுள்ள முதியவர் ஒருவர் கிளினிக்கில் எடைபார்க்கும் கருவியில் ஏறுகிறார். சென்ற ஆண்டைவிட ஐந்து கிலோ குறைவு. 'நல்லது, இப்படியே இருங்கள்' என்று அனுப்பப்படுகிறார். அவர் முயன்று குறைத்தாரா என்று யாரும் கேட்கவில்லை. போனது கொழுப்பா, தசையா என்பதை எடைக்கருவி சொல்லாது. நம்மவர் உடல்வாகில் வயிறு அப்படியே இருக்க, தொடையும் கெண்டைக்காலும் மெலிவது மிக இயல்பு. வேட்டிக்குள்ளும் சேலைக்குள்ளும் அது மறைந்துவிடுகிறது.

இதற்கு வீட்டிலேயே செய்யத்தக்க எளிய சோதனைகள் உள்ளன. ஜப்பானில் பழகிவரும் ஒன்று: இரு கைகளின் பெருவிரல், சுட்டுவிரல்களால் வளையம் செய்து கெண்டைக்காலின் பருத்த பகுதியைச் சுற்றுவது. வளையம் தளர்ந்து இடைவெளி விட்டால் தசை குறைந்திருக்க வாய்ப்புண்டு. தசைக்குறைவு பற்றிய ஆசியப் பணிக்குழு 2019இல் வகுத்த எல்லைகளும் நமக்கு உதவும். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்தமர 12 நொடியோ அதற்கு மேலோ ஆதல், வழக்கமான நடையில் 6 மீட்டர் தொலைவைக் கடக்க 6 நொடிக்கு மேலாதல், கைப்பிடி வலு ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் குறைதல் ஆகியவை எச்சரிக்கைகள். கைப்பிடியை அற்பமாகக் கருதவேண்டாம். மலேசியாவும் இந்தியாவும் உட்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 140,000 பேரைப் பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வில், அழுத்தத்தின் மேல் எண்ணைவிடக் கைப்பிடி வலுவே மரண வாய்ப்பை நன்கு முன்னறிவித்தது. தேங்காய் துருவுவதும் ஈரத்துணி பிழிவதும் திடீரெனக் கடினமாகிவிட்டதாக அம்மா சொல்கிறார் என்றால், அதை மருத்துவரிடம் சொல்லவேண்டிய செய்தியாகக் கொள்ளலாம்.

சிகிச்சையில் ஒரு மெய்யான இக்கட்டு உண்டு. நலிந்தவரின் அழுத்தத்தையும் சர்க்கரையையும் எவ்வளவு இறக்குவது? எண்பதைக் கடந்த 3,845 பேரிடம் நடந்து 2008இல் வெளியான ஹைவெட் ஆய்வு, 150/80 என்ற இலக்கோடு அழுத்தத்தைக் குறைத்தபோது மரணமும் இதயச் செயலிழப்பும் குறைந்ததைக் காட்டியது. 'இந்த வயதில் மருந்து எதற்கு' என்பார்க்கு அது விடை. ஆயினும் அமர்ந்த நிலையில் மட்டும் அளந்து மருந்தைக் கூட்டுவது, எழும்போது விழச்செய்யும். எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 சரிந்தால் மருத்துவர் அதை அறியவேண்டும். நின்றும் ஒருமுறை அளக்குமாறு நாமே கேட்கலாம். சர்க்கரையும் அத்தகையதே. இன்சுலினும் சில மாத்திரைகளும் சர்க்கரையை மிகத் தாழ்த்தி மயக்கத்தில் தள்ளக்கூடும் என்பதால், நலிந்தவருக்கு இலக்கைத் தளர்த்துவதை இன்றைய நெறிகள் ஏற்கின்றன. தளர்த்துவது மருத்துவரின் வேலை. தாமே மருந்தை நிறுத்துவது பக்கவாதத்தை அழைப்பதாகும்.

உணவில், சோற்றைக் குறை என்ற அறிவுரை நம் முதியவர்களிடம் பலவேளை எல்லாவற்றையும் குறை என்பதாகப் போய்ச் சேர்கிறது. காலையில் தேநீரும் ரொட்டியும், இரவில் கஞ்சி என்று சுருங்கிய தட்டில் புரதம் இல்லை. முதியவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பது வல்லுநர் கருத்து. சிறுநீரகம் பழுதுற்றவர் மட்டும் மருத்துவரைக் கேட்டே உண்ணவேண்டும். பருப்பு, முட்டை, மீன், தயிர் ஆகியவற்றோடு, இந்நாடு நமக்குத் தந்த தெம்பேயும் தௌஃபுவும் விலை குறைந்த நல்ல புரதங்கள்.

உடற்பயிற்சி இந்தச் சுழலின் இரு முனைகளையும் தொடுகிறது, ஒரே அளவில் அன்று. உடல்நலமுள்ள நடுவயது, முதுவயது ஆடவர் மூன்று மாதம் நடைப்பயிற்சி செய்தபோது கழுத்துத் தமனியின் மீள்மை கூடியதாக 2000ஆம் ஆண்டு ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. நீரிழிவு, கொதிப்பு, மிகைக்கொழுப்பு மூன்றும் கூடிய முதியவர்களிடம் கனடாவின் வான்கூவரில் செய்த சோதனையிலும் மூன்று மாதத்தில் விறைப்பு குறைந்தது. ஆனால் அதே குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆறு மாதச் சோதனையில் அந்தப் பயன் பெரிதும் தணிந்துவிட்டிருந்தது. நெடுநாள் நோயுற்ற தமனி முழுவதும் மீளும் என்று வாக்களிக்க நமக்கு உரிமையில்லை. ஆகவே, தாவரப் பூங்காவில் காலை நடை போகும் நம் பெரியவர்களை வாழ்த்துகையில், நடை மட்டும் போதாது என்பதையும் சொல்லவேண்டியிருக்கிறது. தசையை மீட்பதற்குப் பளுவை எதிர்த்து உழைக்கவேண்டும். மூச்சை அடக்காமல், நாற்காலியிலிருந்து கையூன்றாது எழுவதில் அதைத் தொடங்கலாம்.

தமனியைவிடத் தசை தாராள மனம் உடையது. பாஸ்டன் நகரில் முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பத்து நலிந்தோரைக் கொண்டு மரியா ஃபியட்டரோனி என்ற மருத்துவர் நடத்திய சோதனை 1990இல் வெளியாயிற்று. எட்டு வாரம் கால்களுக்குப் பளுப்பயிற்சி அளித்ததில் அவர்களின் கால்வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. இருவர் ஊன்றுகோலை விட்டனர். பயிற்சியை நிறுத்தி நான்கு வாரம் கழித்து அளந்தபோது, அந்த வலுவில் 32 விழுக்காடு போயிருந்தது.